கை ஒழிந்த பொழுது

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாக்குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'இன்றைய வாழ்வும் இலக்கியமும்' என்பதாகும். இத்தலைப்பின்கீழ் எதை வேண்டுமானாலும் பேசலாம். எதையுமே பேசாமல் இருபது நிமிடத்தை நிரப்பவும் செய்யலாம். இரண்டாவதை நான் பல மேடைகளில் செய்திருக்கிறேன். இன்று அதற்கு மனம் ஒப்பவில்லை. எனவே தலைப்பை ஒரு சிறு வினாவாகச் சுருக்கிக்கொள்கிறேன். 'நேரமில்லை' என்று நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம்? அவ்வாறு சொல்லும்போது நம் கையைவிட்டுப் போவது எது?

என் தாயார் 'நேரமில்லை' என்று சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 'இன்னும் கை ஒழியவில்லை' என்பார். 'கை ஒழிந்ததும் வருகிறேன்' என்பார். இரண்டு தொடர்களுக்கும் இடையில் உள்ள வேற்றுமை சிந்திக்கத்தக்கது. நேரமில்லை என்பவருக்கு நேரம் இனி எப்போதும் வரப்போவதில்லை. கை ஒழியவில்லை என்பவருக்கோ, கை ஒழியப்போகும் ஒரு பொழுது உண்டு என்பது உறுதி. அந்தப் பொழுது எங்கள் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு வரும். திண்ணையில் அமர்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவார். எதிர்வீட்டு அத்தை வந்து அமர்வார். கல் பொறுக்குவதும் வேலைதான். ஆயினும் அது வாயையும் மனத்தையும் கட்டிப்போடாத வேலை. எனக்குத் தெரிந்த பழமொழிகளில் பாதி அந்தத் திண்ணையில் கேட்டவை. விடுகதைகள் அனைத்தும் அங்கே கேட்டவை. என் முனைவர்ப்பட்ட ஆய்வுக்கு நான் நாட்டார் வழக்காற்றைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் எந்த நூலகமும் அன்று, அந்த முறம்தான்.

உடனே, அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று இவர் சொல்லப்போகிறார் என எவரும் அஞ்ச வேண்டா. உலக்கை பிடித்த பெண்கள் பாடியதால் நமக்கு வள்ளைப்பாட்டு கிடைத்தது என்பது உண்மை. இளங்கோவடிகளும் வாழ்த்துக் காதையில் அதற்கு இடம் தந்துள்ளார். ஆனால் அந்தப் பாட்டைப் பாராட்டுவோர் பெரும்பாலும் உலக்கை பிடிக்காதவர்கள். என் தாயாரின் வலத்தோள் ஐம்பது வயதில் மேலே தூக்க முடியாமல் போயிற்று. எங்கள் வீட்டிற்கு மாவரைக்கும் மின்கல் வந்த நாளில் அவர் அதற்குக் குங்குமம் இட்டார். அதை நான் எள்ளி நகையாட மாட்டேன்.

வியப்பு என்னவென்றால், மின்கல் வந்த பின்னர் அந்தத் திண்ணைப் பொழுது நீளவில்லை, மறைந்துபோயிற்று. இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அம்மையார் 1983இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். வீட்டுக்கருவிகள் உடலுழைப்பின் கடுமையைக் குறைத்தன. ஆனால் இல்லத்தரசியின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை என்பது அவர் கண்ட முடிபு. முன்பு விறகு பிளந்தவர் ஆண்; தண்ணீர் சுமந்தவர்கள் பிள்ளைகள். அவர்கள் செய்த வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டது. எஞ்சியதெல்லாம் ஒருத்தியின் தலையில் வந்து சேர்ந்தது. அத்துடன் எதிர்பார்ப்பும் உயர்ந்தது. வாரம் ஒருமுறை வெளுத்த துணியை இப்போது நாள்தோறும் வெளுக்கிறோம். வாரத்தில் ஒருநாள் இட்லி என்பது போய், காலைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்றாயிற்று. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கி அரசே வீடுதோறும் மிக்சியும் கிரைண்டரும் வழங்கியது. அத்திட்டத்தால் எத்தனையோ தோள்கள் பிழைத்தன. தோள் பிழைத்தது, பொழுது பிழைத்ததா என்பதுதான் கேள்வி.

அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நடுவணரசு 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மீண்டும் எடுத்தபோது பெண்களுக்கு அது 289 ஆகவும், ஆண்களுக்கு 88 ஆகவும் இருந்தது. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. அதற்கு ஈடாக ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! இந்த அவையில் பெண் கவிஞர்கள் ஏன் குறைவு என்று ஆண்டுதோறும் நம் செயலாளர் வருந்துகிறார். அந்த 289 நிமிடத்திற்குள் அவர் தேடிப் பார்க்கலாம்.

இனி, நான் நாள்தோறும் வகுப்பில் நடத்தும் பாடத்திற்கு வருகிறேன். தொல்காப்பியர் முதற்பொருள் என்று இரண்டைக் கூறினார்: நிலமும் பொழுதும். ஓர் அகப்பாட்டு நிற்பதற்கு மண் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு பொழுதும் இன்றியமையாதது என்பது அவர் கொள்கை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகள். மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுதுகள். இவற்றை ஐந்தெனக் கொள்வதா, ஆறெனக் கொள்வதா என்னும் விவாதத்தை நான் ஒரு மணி நேரம் நடத்துவேன். அதுவும் இருபது ஆண்டுகளாக, இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடத்தியிருக்கிறேன்! பொழுதைப் பற்றிய பாடத்தைப் பொழுதே இல்லாமல் நடத்திய பெருமை எனக்கு உண்டு.

முல்லைக்கு உரிய சிறுபொழுது மாலை; அதன் உரிப்பொருள் இருத்தல். பிரிந்தவன் வரும்வரை ஆற்றியிருத்தல் என உரை வகுத்தோம். தேர்விலும் அதையே எழுதச் சொன்னோம். புணர்தலுக்கும் பிரிதலுக்கும் ஊடலுக்கும் இரங்கலுக்கும் நிகராக, ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் ஓர் உரிப்பொருளாக ஏற்றது நம் இலக்கணம். இருத்தல் சோம்பல் அன்று. மாடு வீடு திரும்பும் ஓசை, முல்லை அரும்பு விரிதல், மேகம் இருண்டு வருதல், இவையெல்லாம் இருப்பவளின் கண்ணுக்கும் காதுக்கும்தான் எட்டும். அங்குமிங்கும் ஓடுபவளுக்கு மாலை என்பது விளக்குப் போடவேண்டிய நேரம், அவ்வளவே. கவிதை எழுதும் நீங்கள் இதனை என்னினும் நன்கறிவீர்கள். சங்கப் புலவர்களாக நமக்குக் கிடைத்த பெயர்கள் 473. அவர்களில் மிகப் பலர் ஒரே ஒரு பாடலால் நிற்பவர்கள். செம்புலப்பெயல்நீரார் எழுதியதாக நம்மிடம் இருப்பது குறுந்தொகையின் நாற்பதாம் பாடல் ஒன்றே. அவருடைய இயற்பெயர்கூட நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் உவமையே பெயராயிற்று. ஆண்டுக்கொரு தொகுப்பு வெளியிட்டாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இல்லை என்றே கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் புத்தகத்திலிருந்து சொன்னவை. இப்போது சொல்லவிருப்பது அத்தகையதன்று. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நேற்றிரவுவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாண்டுகளுக்கு முன்னர் இளங்கலை மூன்றாமாண்டில் ஒரு மாணவி இருந்தாள். பேசாத பெண், கடைசி வரிசையில் அமர்பவள். ஒருநாள் ஆசிரியர் அறை வாயிலில் நின்று, "அம்மா, கொஞ்சம் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுவீர்களா?" என்றாள். கையில் நாற்பது பக்கக் குறிப்பேடு. அன்று கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. என் மேசைமீது பதினான்கு கோப்புகள் இருந்தன. "நாளைக்கு வா, அம்மா" என்றேன். மறுநாள் வந்தாள். பல்கலைக்கழக வினாத்தாள் வேலை. அடுத்த வாரம் வந்தாள். எங்கோ ஒரு பட்டிமன்றத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தலைப்பு 'இளைஞர்களிடம் தமிழார்வம் வளர்கிறதா, தேய்கிறதா' என்பது. தேய்கிறது என்னும் அணிக்கு நான்தான் தலைவி. நான்காம் முறை அவள் வந்தபோது நான் அறையில் இல்லை. வந்து காத்திருந்து சென்றதாகப் பணியாளர் சொன்னார். அதன்பின் அவள் வரவில்லை. நானும் கேட்கவில்லை. தேர்வு முடிந்தது, போய்விட்டாள்.

நாம் கூடியிருக்கும் இதே குடந்தை நகரில், 1880ஆம் ஆண்டில், கல்லூரித் தமிழாசிரியராகப் புதிதாகப் பணியேற்றிருந்த ஓர் இளைஞர், இங்கே மாவட்ட முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதல் சந்திப்பு அவ்வளவு இனிதாக அமையவில்லை. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் இளைஞர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. ஆயினும் அவர் ஒரு கேள்வி கேட்டார்: இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று. மீண்டும் சென்றபோது சீவக சிந்தாமணிப் பிரதியை எடுத்துத் தந்தார். தந்ததோடு நில்லாமல், தொடர்ந்து சந்தித்துப் பாடம் கேட்டு ஐயம் எழுப்பினார். அந்த இளைஞர் உ.வே.சாமிநாதையர் என்பதையும், 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததையும், அதன் பின்னர் நிகழ்ந்தவற்றையும் இந்த அவைக்கு நான் கூற வேண்டியதில்லை. இந்நிகழ்ச்சியை உ.வே.சா.வின் பெருமையாகவே நாம் சொல்லி வருகிறோம். எனக்கோ அந்த முன்சீபின் மேசை நினைவுக்கு வருகிறது. நீதிமன்ற அலுவலருக்கு வழக்குக் கட்டுகள் குறைவாகவா இருந்திருக்கும்? 'நாளைக்கு வாருங்கள்' என்று அவரும் சொல்லியிருக்கலாம்.

'என் சரித்திரம்' நூலின் அப்பகுதியை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன்னர் அதை நடத்திக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். மாணவியர் எனக்கு உடல்நலமில்லை என்று நினைத்தனர்.

அன்று முதல் ஒரு வாரம், என் பொழுது எங்கே போகிறது என்று மணிக்கணக்காக எழுதி வைத்தேன். கவிஞர்களுக்கு இதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிகவும் சோர்வூட்டும் இலக்கியம் அது. கல்லூரி, சமையல், பேருந்து ஆகியவை எதிர்பார்த்தவையே. எதிர்பாராதவை வேறு. அந்த வாரத்தில் ஐந்து மேடைகளில் அமர்ந்திருந்தேன். ஒன்றில் மட்டுமே பேசினேன். மற்ற நான்கில் 'முன்னிலை' வகித்தேன். முன்னிலை வகிப்பதற்கு இரண்டு மணி நேரமும் ஒரு பட்டுப்புடவையும் வேண்டும். வாட்ஸ்அப் குழுக்கள் பதினேழு. காலை வணக்கப் படங்களை நீக்குவதற்கு மட்டும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம். ஓயாது உழைத்த காந்தியடிகள் வாரத்தில் திங்கட்கிழமையைப் பேசா நாளாக வைத்திருந்தார். நான் ஞாயிறு காலையில் கைபேசியை அலமாரியில் வைத்து, மாலையில் எடுக்கிறேன். இதுவரை நாட்டிற்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

வீட்டில் செய்த மாற்றங்கள் சிறியவை. ஆயினும் போராட்டம் பெரிது. காலையில் ஒரு குழம்பு, ஒரு பொரியல். இரவுச் சமையல் கணவர் பொறுப்பு. முதல் மாதம் நாங்கள் நாள்தோறும் உப்புமாவே உண்டோம். இரண்டாம் மாதம் அவருக்கே அது சலித்துவிட்டது. இப்போது அவர் செய்யும் வற்றல் குழம்பு என்னுடையதைவிட நன்று. மகன் தன் தட்டையும் தன் துணியையும் தானே பார்த்துக்கொள்கிறான். கஞ்சி போட்டுத் தேய்க்க வேண்டிய புடவைகளை விட்டேன். ஒன்பது படிக் கொலு மூன்று படியாயிற்று. என் நாத்தனார் இரண்டு ஆண்டுகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோலத்தை மட்டும் விடவில்லை. சிலர் அதைத்தான் முதலில் விடச் சொன்னார்கள். நாள் முழுவதும் பிறர் கேட்டதற்காகக் கோடிழுக்கும் நான், எனக்காக இழுக்கும் கோடு அது ஒன்றே. எதைக் குறைப்பது என்பதில் பிறர் பட்டியல் நமக்கு உதவாது என்பதை அந்தக் கோலத்தால் அறிந்தேன்.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் கூற வேண்டும். முதலில் எனக்குத் தோன்றிய எளிய வழி, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்வது. இருந்தார். ஒரு மாதம் கழித்து, அவருடைய மகள் பள்ளி விட்டு வந்து பூட்டிய வீட்டு வாயிலில் அமர்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. என் கை ஒழிந்த பொழுதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். பணிச்சுமையைக் குறைத்தல் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, சுமையை வேறொரு பெண்ணின் தலைக்கு மாற்றுதலே. அந்த ஏற்பாட்டைக் கைவிட்டேன், ஊதியத்தைக் குறைக்கவில்லை.

மிகக் கடினமாக இருந்தது அழைப்புகளை மறுப்பது. நம் ஊர்ப்பக்கத்தில் வராமை என்பது அவமதிப்பு. வரவேற்பில் வரிசையில் நின்று, மொய்க்கவரைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குவதை உறவு என்று கருதுகிறோம். இப்போது பல திருமணங்களுக்கு நான் செல்வதில்லை. ஒரு மாதம் கழித்து, சொல்லிவிட்டு, வீட்டிற்குச் செல்கிறேன். மணமக்களோடு அமர்ந்து உண்கிறேன். வருந்தியவர்கள் சிலர் உண்டு. அவர்கள் வருத்தம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி நம் வட்டம். பத்தாண்டுகளுக்கு முன்பு ஏழு பேராகத் தொடங்கினோம். நம் தலைவர் வீட்டுப் பின்கட்டுத் தாழ்வாரத்தில், தென்னங்கீற்று நிழலில், ஒரு குறுந்தொகைப் பாட்டை எடுத்துக்கொண்டு மாலை முழுதும் பேசினோம். பதாகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, நாற்காலியும் போதவில்லை. தேநீர் இரண்டு முறை வந்தது. அன்று வீடு திரும்பியபோது எனக்கு ஒரு கவிதை தோன்றியது. நான் எழுதிய கவிதைகளில் எனக்கே பிடித்தது அது ஒன்றுதான்.

சென்ற மாதக் கூட்டத்தைக் கடிகாரம் வைத்து அளந்தேன், பொறுத்தருள வேண்டும். மொத்தம் 150 நிமிடம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப்பரிசு, நன்றியுரை ஆகியவற்றிற்கு 85 நிமிடம். சிறப்புரைக்கு 23. பதினான்கு கவிஞர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் வீதம் 42. எந்தக் கவிதையைப் பற்றியும் எவரும் ஒரு சொல் பேசவில்லை. கவிதை படித்தவர் இறங்கும்போது அடுத்தவர் ஏறிக்கொண்டிருந்தார். முதலில் படித்த இளைஞர் ஒருவர் ஒரு நல்ல கவிதை படித்தார். தந்தையின் தறி ஓசை நின்றுபோன வீட்டைப் பற்றியது. அதைப் பற்றி அவரிடம் பேச நினைத்தேன். பொன்னாடைகளின் வரிசை முடிவதற்குள் அவர் கடைசிப் பேருந்துக்குப் புறப்பட்டுவிட்டார். கல்லூரி அறை வாயிலில் நான் ஒருத்தி செய்ததை, இங்கே நாம் அறுபது பேர் சேர்ந்து, மேடை அமைத்துச் செய்கிறோம்.

ஆகவே பொதுக்குழுவின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் ஆண்டில் மாதத்திற்கு நான்கு கவிதைகள் மட்டும் போதும். ஒவ்வொன்றையும் இருமுறை படிப்போம். படித்தபின் சற்று நேரம் சும்மா இருப்போம். பிறகு பேசுவோம். தம் முறைக்காகக் கவிஞர்கள் மூன்று மாதம் காத்திருக்க நேரும். காத்திருப்பதால் கவிதை கெட்டுப்போவதில்லை. பொன்னாடைச் செலவில் மிகுவதைக் கொண்டு, தொலைவிலிருந்து வரும் இளைஞர்கள் கூட்டம் முடிந்தும் ஊர் திரும்ப ஓர் ஏற்பாடு செய்யலாம். இது ஏற்கப்படுமா என்று தெரியவில்லை. எனக்கு இன்று போர்த்திய ஆடைக்கு நன்றி சொல்லிக்கொண்டே இதனைக் கூறுவதில் உள்ள முரணையும் அறிவேன்.

என் மணித்துளிகள் முடியவிருக்கின்றன. ஒரு செய்தி மட்டும் எஞ்சியுள்ளது. இரு வாரங்களுக்கு முன்னர் பேருந்து நிலையத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையுடன், "அம்மா, என்னைத் தெரிகிறதா?" என்று வந்து நின்றாள். தெரிந்தது. ஏழாண்டுகளாகத் தெரிந்துகொண்டே இருந்தது. அந்தக் குறிப்பேடு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சற்றுத் திகைத்துப்போனாள். "அம்மா வீட்டுப் பரணில் இருக்கும் என்று நினைக்கிறேன், அம்மா. தேடிப் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் எழுதுவதில்லை, நேரமில்லை" என்றாள். அவளுடைய பேருந்து புறப்படும்வரை நின்றேன். எடுத்து வை, நானே உன் வீட்டிற்கு வருகிறேன் என்றேன். நாள் குறித்துக்கொண்டோம்.

அந்த நாள் நாளை, ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணிக்கு விழாக் கணக்குகளைப் பார்க்கும் செயற்குழுக் கூட்டம் வைத்திருப்பதாகச் செயலாளர் அறிவித்துள்ளார். அக்கூட்டத்திற்கு நான் வர இயலாது என்பதை இம்மேடையிலேயே தெரிவித்துக்கொண்டு விடைபெறுகிறேன். வணக்கம்.